கன்னங்கராவையும் நல்லையா மாஸ்டரையும் எங்கட பிள்ளையளுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு முறையும் ஐந்தாம் ஆண்டு ஸ்கொலசிப் ரிசல்ட் வந்த உடன உங்கட பேப்பரில பக்கம் பக்கமா பிள்ளையளின்ட படம் வருது, நூற்றி எழுபது எடுத்தது, நூற்றி எண்பது எடுத்தது எண்டு, பக்கத்திலயே ரியூசன் சென்டர்காரரின்ட விளம்பரமும் வருது. நல்லது, பிள்ளையள் கஷ்டப்பட்டு எடுத்த மார்க்ஸ்தானே, படம் போடத்தான் வேணும். ஆனா இந்தப் பரீட்சை எதுக்காக வந்தது, ஆர் கொண்டு வந்தது, ஒரு ஏழைப் பிள்ளை படிப்புச் சம்பளம், அதாவது பீஸ், கட்டாம கம்பஸ் வரைக்கும் போகலாம் எண்ட சட்டத்துக்காக ஆர் ஆரோட சண்டை பிடிச்சது எண்டு ஒரு வரி கூட எங்கயும் வாசிக்கக் கிடைக்கேல்ல. நான் திருகோணமலையில கணக்குப் படிப்பிச்சு ஓய்வெடுத்த ஒரு ரீச்சர், ஓ.எல் வகுப்பில கன்னங்கரா ஆர் எண்டு கேட்டால் வரலாறு புத்தகத்தில ஒரு வரி வரும், இலவசக் கல்வியின் தந்தை, அவ்வளவுதான், அதுக்கு மேல ஒருதருக்கும் தெரியாது. நல்லையா மாஸ்டர் ஆர் எண்டு கேட்டால் அந்த ஒரு வரியும் இல்ல. அவர் எங்கட பகுதியின்ட பிரதிநிதியா அரசாங்க சபையில, அதாவது சுதந்திரத்துக்கு முந்தின சட்டசபையில, இருந்த மனுசன். இதுக்காகத்தான் எழுதுறன், கொஞ்சம் நீட்டாப் போகும், இடம் இருந்தால் முழுசாப் போடுங்கோ.

சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கரா 1884 ஒக்டோபர் 13ல அம்பலாங்கொடைக்குப் பக்கத்தில ரந்தொம்பை எண்ட ஊரில பிறந்தவர். பெரிய நிலச்சுவாந்தார் குடும்பம் இல்ல. ஊரில வெஸ்லியன் மிஷன் ஸ்கூலில படிக்கேக்க பரிசளிப்பு விழாவுக்கு வந்த காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார், ஒரே பெடியன் திரும்பத் திரும்ப மேடைக்கு வந்து பரிசு வாங்கிறதைப் பார்த்திட்டு, இதெல்லாம் வீட்டை கொண்டு போக உனக்கு ஒரு வண்டில் வேணுமே எண்டு கேட்டாராம். அந்தப் பாதிரியார் குடுத்த ஸ்கொலசிப்பிலதான் கன்னங்கரா ரிச்மண்டுக்குப் போனார், கணக்கில விண்ணன், கிரிக்கெட் கப்டன். டரல் பாதிரியார் 1906ல ஸ்கூலில நெருப்புக் காய்ச்சல் வந்த நேரம் பிள்ளையளைப் பக்கத்தில இருந்து பார்த்து, அதே காய்ச்சலில தானும் செத்துப்போனார். இதை நான் ஏன் சொல்லுறன் எண்டால், ஒரு அதிபர் ஒரு விழாவில ஒரு பிள்ளையைக் கவனிச்சபடியால்தான் அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை கிடைச்சது, கவனிக்காமல் விட்டிருந்தால் ஒண்டும் இல்ல. அப்பிடி ஒருதரின்ட கண்ணில படாத கெட்டிக்காரப் பிள்ளையள் அந்தக் காலத்தில எத்தனை பேர் தோட்டத்திலயும் கடலிலயும் வயலிலயும் முடிஞ்சு போயிருப்பினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கன்னங்கரா பிறகு செய்த வேலை முழுக்க அந்த அதிர்ஷ்டத்தை எல்லாருக்கும் உரிமையா மாத்தினதுதான் எண்டு நான் நினைக்கிறன்.

ரிச்மண்டிலயும் வேற ஸ்கூல்களிலயும் கணக்குப் படிப்பிச்சுக்கொண்டு சட்டம் படிச்சு 1910ல புரொக்டர் ஆனார், காலியில தொழில் செய்தார். அரசியலுக்கு வந்த விதம் தமிழ் ஆக்கள் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியது. 1911ல படிச்ச இலங்கையருக்கெண்டு சட்டநிரூபண சபையில ஒரேயொரு ஆசனம் குடுத்த நேரம் பொன்னம்பலம் இராமநாதன் கேட்டார், அவருக்காக தெற்கில வேலை செய்தவர்களில இளம் புரொக்டர் கன்னங்கராவும் ஒருதர். 1915 சிங்கள - முஸ்லிம் கலவரத்தில மார்ஷல் லோ போட்டு சிங்கள ஆக்களைப் பிடிச்சு அடைச்ச நேரம் அவர்களுக்காக கோட்டில நிண்டார், அதே விசயத்துக்காக இராமநாதன் யுத்த காலத்தில கப்பல் ஏறி லண்டனுக்குப் போனார். 1923ல சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார், 1930ல இலங்கை தேசிய காங்கிரசுக்குத் தலைவர். 1931ல டொனமூர் அரசியலமைப்பு வந்து, சட்டநிரூபண சபைக்குப் பதிலா அரசாங்க சபை உருவாகி, சர்வசன வாக்குரிமை கிடைச்ச உடன காலியில கேட்டு வெண்டு கல்வி அமைச்சரானார், முதலாவது கல்வி அமைச்சர் அவர்தான், 1947 வரைக்கும் தொடர்ந்து பதினாறு வருசம் அந்தக் கதிரையில இருந்தார். இப்ப மாதிரி கொஞ்ச நாளைக்கு ஒரு அமைச்சர், வாற ஒவ்வொருதரும் ஒவ்வொரு சீர்திருத்தம் எண்டு சிலபஸை மாத்துற கதை அப்ப இல்ல.

அந்த நேரம் நிலமை எப்பிடி எண்டால், தமிழிலயோ சிங்களத்திலயோ படிக்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்தில சம்பளம் இல்ல, ஆனா அதில படிச்சால் போறதுக்கு இடமும் இல்ல, மிஞ்சினால் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஆகலாம். இங்கிலிஸ் ஸ்கூலில படிச்சால்தான் கிளாக் உத்தியோகம், டொக்டர், லோயர், எல்லாம். அதுக்கு மாசாமாசம் சம்பளம் கட்டவேணும், அந்த ஸ்கூலும் டவுனிலதான் இருக்கும். திருகோணமலையில எங்கட முன்னோர் சும்மா இருக்கேல்ல, 1923ல தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் பொம்பிளைப் பிள்ளையளுக்கெண்டு பள்ளிக்கூடம் தொடங்கினா, 1920களில விபுலாநந்த அடிகள் இந்துக் கல்லூரியைப் பொறுப்பெடுத்து நடத்தினார், மிஷன்காரரும் அதுக்கு முந்தியே இஞ்ச நல்ல ஸ்கூல் நடத்தினவை. இந்த ஆக்கள் எல்லாருக்கும் எங்கட ஊர் கடமைப்பட்டிருக்கு. ஆனா தர்மவான்களின்ட கையால எவ்வளவு தூரம் போகும்? டவுன் பிள்ளையளுக்கு கொஞ்சம் கிடைச்சது, மூதூருக்கும் தம்பலகாமத்துக்கும் திரியாய்க்கும் வெருகலுக்கும் அது எட்டேல்ல.

கன்னங்கரா இதில கை வச்ச விதம்தான் எனக்குப் பிடிச்சது. முதல்ல 1939ல கல்விச் சட்டம், பிறகு 1940ல தானே தலைமை தாங்கி ஒரு விசேச குழு, அந்தக் குழு யுத்தத்துக்கு நடுவிலதான் வேலை செய்தது, 1942 ஏப்ரல் 9ல ஜப்பான்காரன் எங்கட துறைமுகத்தில குண்டு போட்டு ஊர்ச் சனம் காட்டுக்குள்ள ஓடின காலம், 1943ல அறிக்கை வெளியில வந்தது. அறிக்கை வரும் வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்ல, 1941ல மத்துகமவில முதல் மத்திய பாடசாலை, பிறகு நாடு முழுக்க ஐம்பத்து நாலு. கிராமத்துக்கு நடுவில லாபோட, லைப்ரரியோட, ஹொஸ்டலோட ஸ்கூல் கட்டி, சுத்துவட்டாரத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களில ஐந்தாம் வகுப்பு படிக்கிற கெட்டிக்காரப் பிள்ளையளைப் பரீட்சை வச்சு எடுத்து, சாப்பாடும் தங்கிறதும் குடுத்து படிப்பிச்சது. இண்டைக்குப் பத்து வயசுப் பிள்ளையள் நித்திரை முழிச்சு எழுதுற ஸ்கொலசிப் சோதினை அதில இருந்துதான் வந்தது. கஷ்டப்பட்ட பிள்ளையைத் தேடி எடுக்க வச்ச சோதினை, இப்ப காசு இருக்கிற தாய் தகப்பன் மூண்டாம் வகுப்பில இருந்தே ரியூசனுக்கு விடுற சோதினையா மாறிக் கிடக்கு, எனக்கு இது நெஞ்சில குத்துற விசயம்.

அறிக்கையில பாலர் வகுப்பில இருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் இலவசம், ஆரம்ப வகுப்பில தாய்மொழியில படிப்பு, பிள்ளையின்ட சொந்தச் சமயத்தைப் படிப்பிக்கிறது எண்டெல்லாம் இருந்தது. இதுக்கு வந்த எதிர்ப்பு லேசுப்பட்டது இல்ல. நாட்டுக்குச் செலவு தாங்காது எண்டு சொன்ன ஆக்கள், தங்கட ஸ்கூலின்ட சுதந்திரம் போயிடும் எண்டு பயந்த மிஷன் அதிபர்மார், சபைக்குள்ள அவரின்ட சொந்தக் கூட்டாளிகளே, டி.எஸ். சேனநாயக்கா கூட இதில மனம் வச்சு நிக்கேல்ல. கன்னங்கரா என்ன செய்தார், ஊர் ஊராப் போய்க் கூட்டம் வச்சார், சனத்திட்ட நேராப் பேசினார், சனம் அவருக்குப் பின்னால வந்தது. கடைசியில 1945ல சபை ஏத்துக்கொண்டு அந்த வருசம் ஒக்டோபர் 1ல இருந்து சம்பளம் இல்லாத படிப்பு நடைமுறைக்கு வந்தது.

அந்த விவாதத்தில அவர் பேசினதின்ட கருத்து இதுதான். உரோமாபுரியைச் செங்கல்லாக் கண்டன், சலவைக்கல்லா விட்டுப்போறன் எண்டு அகஸ்டஸ் சக்கரவர்த்தி பெருமைப்பட்டாராம், அதைவிடப் பெரிய பெருமை இந்தச் சபைக்குக் கிடைக்கலாம், கல்வி விலை கூடினதா இருந்தது, மலிவா ஆக்கி விட்டுப்போனம், முத்திரை வச்ச புத்தகமா இருந்தது, திறந்த கடிதமா விட்டுப்போனம், பணக்காரரின்ட சொத்தா இருந்தது, ஏழையளின்ட முதுசமா விட்டுப்போனம் எண்டு எங்களால சொல்ல முடிஞ்சால். இதை வாசிக்கேக்க எனக்கு இப்பவும் மேல் புல்லரிக்கும், ஏனெண்டால் எனக்குக் கிடைச்ச ஒரேயொரு முதுசம் அதுதான். என்ர அப்பா திருக்கடலூரில கரைவலை இழுத்தவர், வீட்டில நாங்க கனபேர், சம்பளம் கட்டிப் படிக்கவேணும் எண்டிருந்தால் பொம்பிளைப் பிள்ளை என்னை முதல்ல நிப்பாட்டியிருப்பினம், அப்பாவைக் குறை சொல்ல ஏலாது, கடலில மீன் படாத மாசத்தில ஸ்கூல் பீஸ் எங்கால வரும். நான் கம்பஸ் முடிச்சு வந்து கணக்கு ரீச்சரா நிண்டதுக்கு அந்தச் சட்டம் இல்லாமல் வேற ஒரு காரணமும் இல்ல.

இப்ப நல்லையா மாஸ்டருக்கு வாறன். 1943ல ஜே.ஆர். ஜயவர்த்தன சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கவும் படிப்பு மொழியாக்கவும் கேட்டு ஒரு பிரேரணைக்கு நோட்டிஸ் குடுத்தார். 1944 மே மாசம் அது சபைக்கு வந்த நேரம் திருகோணமலை - மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா எழும்பி தமிழும் சேரவேணும் எண்டு திருத்தம் கொண்டு வந்தார், திருத்தம் நிறைவேறிச்சு, சிங்களமும் தமிழும் எண்டுதான் பிரேரணை முடிஞ்சது. அதாவது, இலவசக் கல்வி நாட்டுக்கு வரப்போற அந்த நேரத்திலயே, அது எந்த மொழியில எண்ட கேள்வியில எங்கட ஆள் எழும்பி நிண்டிருக்கிறார். வாத்தியாரா இருந்து அரசியலுக்கு வந்தவர், அதாலதான் சனம் மாஸ்டர் மாஸ்டர் எண்டு கூப்பிட்டது. வந்தாறுமூலையில மத்திய கல்லூரி வந்ததும் அவரின்ட முயற்சியாலதான், பிறகு 1981ல மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி அந்த வளவிலதான் தொடங்கினது, அதுதான் வளர்ந்து இண்டைக்குக் கிழக்குப் பல்கலைக்கழகம், அதின்ட வளாகம் ஒண்டு எங்கட கோணேசபுரியில நிக்குது. அந்த வளாகத்தில படிக்கிற பிள்ளையளில எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும் எண்டு கேட்டுப் பாருங்கோ. 1956ல தனிச்சிங்களச் சட்டம் வந்து 44ல போட்ட தீர்மானம் காத்தில போனது எல்லாருக்கும் தெரியும், ஆனா அரசகரும மொழியில தோத்த தமிழ் வகுப்பறையில நிண்டு பிடிச்சுது, எங்கட பிள்ளையள் இண்டைக்கும் ஏ.எல் வரைக்கும் தமிழில எழுதுதுகள்.

கன்னங்கராவைத் தலையில தூக்கி வச்சு ஆடச் சொல்லேல்ல. 1936 தேர்தலுக்குப் பிறகு அமைச்சர் சபை முழுக்கச் சிங்கள ஆக்களா வந்த நேரம் அதில அவரும் ஒரு ஆளா இருந்தவர், தமிழ் உறுப்பினர்களுக்கு அது பட்ட காயம் ஆறேல்ல, அதை மறைச்சு எழுதினால் நேர்மை இல்ல. அதைவிடப் பெரிய குறை மலையகம். தோட்டத்துப் பிள்ளையளுக்கு அந்த இலவசக் கல்வி போகேல்ல, தோட்டப் பள்ளிக்கூடம் எண்டு ஒரு மடுவத்தில ஒரு வாத்தியார் எல்லா வகுப்புக்கும் படிப்பிச்சதுதான் கனகாலம் நடந்தது, அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடங்களைக் கையேற்றது 1970களில, அதாவது தெற்கில கிராமத்துப் பிள்ளை டொக்டராகி ஒரு தலைமுறை போன பிறகு. 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்து எங்கட மாவட்டத்தில குடியேறின குடும்பங்களின்ட பிள்ளையளுக்கு நான் படிப்பிச்சிருக்கிறன், அதுகளின்ட தாய் தகப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கெட்டித்தனத்தில ஒரு குறையும் இல்ல, அந்த முப்பது வருசத்தை ஆர் திருப்பிக் குடுக்கிறது? ஆனா இது கன்னங்கரா செய்ததைச் சிறுசாக்கிற குறை இல்ல, அவர் நிப்பாட்டின இடத்தில இருந்து மற்றவை தூக்கிக்கொண்டு போகாத குறை எண்டுதான் நான் சொல்லுவன்.

அவருக்கு நாடு என்ன செய்தது? 1947 தேர்தலில மத்துகமவில தோக்கடிச்சுது. வெண்டவர் வில்மட் பெரேரா, அவரும் கல்விக்காகக் காசு செலவழிச்ச மனுசன்தான், ஹொரணையில ஸ்ரீபாலி எண்ட பள்ளிக்கூடம் தொடங்கினவர், அதால அவரைக் கெட்டவர் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா இலவசக் கல்வியால மனம் நொந்த பெரிய ஆக்கள் அந்தத் தேர்தலில கன்னங்கராவுக்கு எதிரா நிண்டவை எண்டதும் பரவலா சொல்லப்பட்ட விசயம். சுதந்திரம் கிடைச்ச நாட்டின்ட முதல் பாராளுமன்றத்தில அவருக்கு இடம் இல்ல. இந்தோனேசியாவுக்குத் தூதுவரா அனுப்பிச்சினம், 1952ல திரும்ப வெண்டு வந்தார், கல்வி அமைச்சு குடுக்கேல்ல, உள்ளூராட்சி குடுத்தினம், 1956ல அரசியலை விட்டார். கடைசிக் காலத்தில வைத்தியச் செலவுக்கே அரசாங்கம் உதவிப்பணம் குடுக்க வேண்டி வந்தது, பதினாறு வருசம் அமைச்சரா இருந்த புரொக்டர் ஐயா, கையில ஒண்டும் சேர்த்து வைக்கேல்ல. 1969 செப்டெம்பர் 23ல காலமானார். இண்டைக்கு ஒரு தவணை பிரதேச சபையில இருந்திட்டு மாடி வீடு கட்டுறவையைப் பார்க்கிற பிள்ளையளுக்கு இப்பிடியும் ஒரு அரசியல்வாதி இருந்தவர் எண்டு சொல்லத்தானே வேணும்.

இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதால என்ன நட்டம் எண்டு சிலபேர் கேட்பினம். நட்டம் கண்ணுக்கு முன்னால நடக்குது ஐயா. இலவசக் கல்வி எண்டது அரசாங்கம் இரங்கித் தந்த பிச்சை மாதிரி எங்கட சனம் நினைக்குது, அதால அது கொஞ்சம் கொஞ்சமாக் கழண்டு போகேக்க ஒருதரும் வாய் திறக்கிறேல்ல. வகுப்புக்குப் பெயின்ட் அடிக்கக் காசு, பான் வாங்கக் காசு, ஸ்மார்ட் போர்டுக்குக் காசு, முதலாம் வகுப்பில சேர்க்கக் காசு, சோதினைப் பேப்பர் போட்டோகொப்பிக்குக் காசு. மீன் வித்துப் பிழைக்கிற ஒரு தாய் என்னட்ட வந்து அழுதா, ஒரு ஸ்கூலில மகளின்ட வகுப்புக்கு மல்டிமீடியா வாங்கக் கேட்ட காசு குடுக்க ஏலேல்ல, குடுக்காத பிள்ளையளின்ட பேரை வகுப்பில வாசிச்சிட்டினம், பிள்ளை ஸ்கூலுக்குப் போக மாட்டன் எண்டு படுத்திட்டுது. அந்தத் தாய்க்கு நான் சொன்னன், அம்மா உன்ர பிள்ளை இஞ்ச படிக்கிறது ஆரின்ட தயவாலயும் இல்ல, சட்டம் இருக்கு, நீ போய்க் கேள், நானும் வாறன் எண்டு. போனம், கேட்டம், பிள்ளை திரும்பப் போகுது. கேட்கலாம் எண்டே அந்தத் தாய்க்கு அதுவரைக்கும் தெரியாது.

2022 நெருக்கடியில கொப்பி விலை ஏறி, பேப்பர் இல்லாமல் சோதினை தள்ளிப்போய், சாப்பிடாமல் வந்து வகுப்பில மயங்கி விழுந்த பிள்ளையளை நாங்க பார்த்தம். அதுக்குப் பிறகு ஸ்கூலை விட்டுப்போட்டு கடலுக்கும் கடைக்கும் போன பெடியன்மார் கனபேர் திரும்பி வரேல்ல. 1980ல இருந்து பாடப்புத்தகம் இலவசம், பிறகு சீருடையும் வந்தது, எல்லாம் நல்லதுதான், ஆனா கணக்கும் சயன்சும் படிப்பிக்க ஆள் இல்லாத ஊர்ப் பள்ளிக்கூடத்தில இலவசப் புத்தகத்தை வச்சு பிள்ளை என்ன செய்யும்? வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கம் நியமனம் கிடைக்கிற ரீச்சர்மார் எப்ப டவுனுக்கு மாத்தம் வரும் எண்டு நாள் எண்ணிக்கொண்டிருக்கினம், அவையளையும் முழுசாக் குறை சொல்ல ஏலாது, தங்க குவாட்டர்ஸ் இல்ல, பஸ் இல்ல. மத்திய பாடசாலைத் திட்டத்தில கன்னங்கரா முதல்ல யோசிச்சது இதைத்தான், நல்ல ஸ்கூலைக் கிராமத்துக்குக் கொண்டு போறது, பிள்ளைக்குத் தங்க ஹொஸ்டல் குடுக்கிறது. எண்பது வருசத்துக்கு முந்தி யுத்த காலத்தில காசு இல்லாத நாடு செய்த வேலை அது. இண்டைக்கு மாகாண சபையும் கல்வி அமைச்சும் வலயக் கல்வி அலுவலகங்களும் இருந்தும் ஏன் ஏலாது?

என்ர கோரிக்கை ரெண்டு. வாற செப்டெம்பர் 23க்கு உங்கட பேப்பரில ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி கன்னங்கராவைப் பற்றியும் நல்லையா மாஸ்டரைப் பற்றியும் போடுங்கோ. அரசாங்க சபை ஹன்சார்ட்டில 1944, 45 விவாதங்கள் இங்கிலிசில கிடக்கு, நல்லையா பேசினதையும் கன்னங்கரா பேசினதையும் தமிழாக்கிப் போட்டால் எங்கட பிள்ளையள் வாசிப்பினம், மொழிபெயர்க்கிறதுக்கு ஓய்வுபெற்ற இங்கிலிஸ் ரீச்சர்மார் ரெண்டு மூண்டு பேர் திருகோணமலையில இருக்கினம், சும்மா செய்து தருவினம், நான் கேட்டுத்தான் எழுதுறன். மற்றது, ஸ்கூலில பெற்றோரிட்ட காசு கேட்கிற விசயத்தில எது கேட்கலாம் எது கேட்கக்கூடாது எண்டு கல்வி அமைச்சின்ட சுற்றறிக்கையளில இருக்கிறதை லேசான தமிழில, கொட்டை எழுத்தில, ஒரு பெட்டி கட்டிப் போடுங்கோ. அதை வெட்டி போட்டோகொப்பி எடுத்து மீன் சந்தையிலயும் பஸ் ஸ்டாண்டிலயும் ஒட்டுற வேலையை நாங்க பார்க்கிறம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
திருகோணமலை.